பொங்கல்படி வண்டியில் ஆபீசரும் வருகிறார்

ஏட்டி மக்கா,

இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியை எழுதி, உடனே அடித்துவிட்டேன். உன் அப்பாவுக்குச் சளி. எனக்கு முழங்கால். தண்ணீர் மோட்டாருக்கு என்ன வியாதி என்று பார்க்க வந்தவருக்கே தெரியவில்லை. இதையெல்லாம் போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேருமே நல்ல நடிகைகளாகிவிட்டோம். ‘ஆபீசர் சாப்பிடுதானாம்மா?’ என்று கேட்பாய். ‘நல்லா சாப்பிடுதான்’ என்பேன். ‘நீ தூங்குதியா?’ என்று நான் கேட்பேன். ‘நல்லா தூங்குதேன்’ என்பாய். இரண்டுக்கும் ஒரே ராகம். கல்யாணமாகி நீ குருவிகுளம் பக்கம் போனதிலிருந்து இந்த ராகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சலித்துவிட்டது. காகிதத்தில் எழுதினால் நீ நடுவில் ‘பெறவு பேசுதேம்மா, இங்கன ஆள் வருது’ என்று வைக்க முடியாது. எனக்கும், அழுகை வருகிற இடத்தில் ஒரு ஜோக்கை அடித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. முடிந்தவரை முயற்சி செய்வேன், அது வேறு விஷயம்.

அப்பா தறி நூல் விஷயமாக அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை, மறதியால் அல்ல. ஒட்டினால், ‘பிள்ளைக்கு அம்மா என்னமோ ரகசியமா எழுதியிருக்கா’ என்று உன் மாமியார், என் அருமை மதினி, ஆவி காட்டிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். மார்கழிக் குளிரில் அவர்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்? எல்லோரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே வாசித்துக் காட்டு. மதினி, இதுவரை வந்துவிட்டீர்களா? சௌக்கியமா?

விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பொங்கல் படிச் சீர் தயாராகிறது. பித்தளைப் பானை வாங்கியாயிற்று. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்புக் கட்டு, பனங்கிழங்கு, காய்கறி எல்லாம் லோடு ஆட்டோவில் ஏறும். ஊர் வழக்கப்படி இவை போதும். ஆனால் இந்த வண்டியில் கரும்புக் கட்டுக்கும் பானைக்கும் நடுவில் ஆபீசரும் ஏறுகிறார். அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, “சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?” என்றார். “நினைச்சுக்கிடட்டும். விதைப்பு முடிஞ்சு சும்மாதான இருக்காங்க” என்றேன். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பேசினால் முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆபீசர் நம் வீட்டுக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆடித் தபசுக் கூட்டம். கால் வைக்க இடமில்லாத தெருவில் ஓர் ஆட்டோ அவன் பின்னங்காலில் ஏறிவிட்டதென்று, காலேஜிலிருந்து வந்தவள் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய். புதுத் துப்பட்டா. உடம்பெல்லாம் சொறி, வாயெல்லாம் நுரை, நாயென்று சொன்னால்தான் தெரியும். நான் முதலில் பார்த்தது துப்பட்டாவைத்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

“ஏட்டி, இதை எங்கன எடுத்தியோ அங்கனயே கொண்டு போட்டுட்டு வா.”

“அங்கன போட்டா செத்துரும்மா.”

“இங்கன போட்டா நான் செத்துருவேன்.”

“நீ சாக மாட்டம்மா. உனக்கு வாய் இருக்கு, இதுக்கு இல்லல்லா” என்றாய். பக்கத்து வீட்டு மங்கை மதினி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனை உள்ளே விட்டேன். இல்லாவிட்டால் அவள் தெரு முழுக்கப் போய், ‘அவ மனசு கல்லு’ என்று சொல்லியிருப்பாள். தெருவில் நல்ல பெயர் வாங்குவதற்காக ஒரு நாயை வளர்த்தவள் நான். நீ இரக்கத்தால் எடுத்தாய், நான் வதந்திக்குப் பயந்து எடுத்தேன். இதில் நாய்க்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறுதல்.

அதற்குப் பிறகு நான் பார்த்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சொறிக்கும் சிரங்குக்கும் நம் ஊரில் மனுஷருக்கு என்ன செய்வோம்? கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவோம். மனுஷருக்கு ஆகிறது நாய்க்கு ஆகாதா என்று நானும் குழைத்துத் தலை முதல் வால் வரை பூசினேன். பூசப் பூச அவன் நக்கித் தின்றான். நான் மறுபடி பூசினேன். அவன் மறுபடி நக்கினான். கடைசியில் சொறி அப்படியே இருந்தது, பிரசாதம்தான் தீர்ந்தது. நீ கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது அவர் என்னைப் பார்த்து, “அம்மா, மண்ணை அம்மன் பாத்துக்கிடுவா. மருந்தை நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரெண்டுக்கும் நடுவுல வராதிய” என்றார். நசுங்கிய பின்னங்காலை எடுத்தார். ஊசி போட்டார். முடி முளைத்தது. முளைத்த பிறகுதான் அவன் செவலை நாய் என்றே நமக்குத் தெரிந்தது. அதுவரை அவனை நான் கறுப்பு என்று நினைத்திருந்தேன். அழுக்கைப் போய் நிறம் என்று நினைத்திருக்கிறேன். மனுஷர்கள் விஷயத்திலும் எனக்கு இந்தக் குறை உண்டு.

இப்போது சொல்லப் போவதைக் கோபப்படாமல் படி. உன்னையும் நாயையும் ஒப்பிடுகிறேன் என்று மூக்கை உறிஞ்சாதே. வந்த புதிதில் அவன் எங்கே இருந்தான்? என் தையல் மிஷினுக்கு அடியில். சோறு வைத்தால் நாம் அறையை விட்டுப் போன பிறகு வந்து தின்பான். கூப்பிட்டால் வாலை ஆட்டுவான், ஆனால் வர மாட்டான். மங்கை மதினி, “நன்றி கெட்ட நாயா இருக்கே, இவ்வளவு செஞ்சும் கிட்ட வரலையே” என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அந்த வருத்தம் இருந்தது. கட்டுப்போட்டுச் சோறு வைத்துக் காப்பாற்றினோம், ஓடி வந்து மடியில் ஏற வேண்டாமா? நீதான் சொன்னாய்: “அம்மா, நாம அவனைக் கேட்டா கூட்டிட்டு வந்தோம்? வலி இருக்கும்போது தூக்கிட்டு வந்துட்டோம். இது நம்ம வீடுன்னு நமக்குத்தான் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?” காலேஜில் அதைச் சொல்லிக் கொடுத்தார்களா, நீயாகக் கண்டுபிடித்தாயா தெரியாது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு அபூர்வம் என்று உன் அப்பாவிடம் கேட்டுப் பார்.

அவன் தூங்கவும் மாட்டான், கவனித்திருக்கிறாயா? படுப்பான், கண்ணை மூடுவான், காது மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஒரு கரண்டி விழுந்தால் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வான். பிறகு ஒரு மத்தியானம், மங்கை வீட்டுத் தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கேட்பதற்கே நாம் கத்த வேண்டும். மாவாட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், இவன் மிஷினுக்கு வெளியே, கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் காலை விரித்து (மூன்று பக்கம்தான், சரி) வயிறு மேலே தெரியக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தறி ஓடினால் தூக்கம், கரண்ட் போய்த் தறி நின்றால் விழிப்பு. ஊரில் எல்லோருக்கும் சத்தம் வந்தால் விழிப்பு, இவனுக்குச் சத்தம் நின்றால்தான். ஒரு வீடு எப்போது நம் வீடாகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன். பால் காய்ச்சுவதாலும் இல்லை, வலது காலை எடுத்து வைப்பதாலும் இல்லை. அங்கே பயமில்லாமல் ஒரு தூக்கம் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதனால்தான் போன் பண்ணும்போதெல்லாம் ‘தூங்குதியா’ என்று கேட்கிறேன். குழம்பில் உப்பு சரியா என்றோ, மாமியார் பேசுகிறாரா என்றோ கேட்பதில்லை, பார்த்தாயா?

பெயர் வைத்த கதையையும் உன் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக எழுதி வைக்கிறேன். கூப்பிட்டால் வர மாட்டான், வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன் உட்காருவான், எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் ஆபீசர். மற்ற நாய்கள் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்க வேண்டும், இவனுக்கு அந்த வேலையும் மிச்சம். நான் வேலை பார்க்கும் ஆபீசின் நிஜமான ஆபீசர் தன் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த அன்று, நான் அடுப்படியிலிருந்து, “ஆபீசரே, தட்டுல வாயை வச்சேருன்னா வெளக்குமாறுதான்!” என்று கத்தினேன். கூடத்தில் ஒரு முறுக்கு தட்டுக்குத் திரும்பி வைக்கப்படும் சத்தம் கேட்டது. விளக்கம் சொல்ல நாயை அழைத்தேன். ஆபீசர் அல்லவா, வரவில்லை. அந்தக் காதுகுத்துக்கு நான் கொஞ்சம் கனமாகவே மொய் எழுத வேண்டியிருந்தது.

சிரித்தது போதும். உன்னைப் பெண் பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன், அங்கேதான் என் வாய் எனக்கே வினையாகிவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளையின் புதுச் செருப்பில் ஒன்றை ஆபீசர் தின்றுவிட்டான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்து, அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, “சரி அத்தை” என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு காரில் ஏறினார். “செருப்பு போயும் கோபப்படலைம்மா, நல்ல மனுசர்” என்றாய் நீ. எனக்கு அவ்வளவு சீக்கிரம் அப்படித் தோன்றவில்லை. அவர் எதற்கும் ‘சரி’தான் சொல்கிறார். காபி சரி, முகூர்த்தம் சரி, மண்டபம் சரி. நல்ல மனசும் ‘சரி’ என்று சொல்லும், பெரியவர்களுக்குப் பயந்த மனசும் ‘சரி’ என்றுதான் சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இதை மாப்பிள்ளையும் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவோ எதற்கும் ‘சரி’ சொல்கிற ஆள் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டே ஆபீசரைப் பார்த்தார். “இது என்ன, கால் கொறையுது?” என்றார். பிறகு, “எங்க பக்கத்துல பொண்ணு வந்தா கூடவே ஒரு கன்னி ஜாதி நாயும் வரும் தாயி. எங்க வீட்டுக்கு வந்த மருமகளுவ எல்லாரும் அப்படித்தான் வந்தாளுவ. சுத்தமான வம்சமா இருக்கணும். ஆட்டுக் கிடைக்குக் காவல் பாருங்க, கண்டதையும் கட்ட முடியாது” என்றார். அந்தக் கரிசல் காட்டு வழக்கம் நமக்குப் புதுசு. தறிச் சத்தத்துக்குள் கிடக்கும் நமக்குக் கன்னியும் தெரியாது, கிடையும் தெரியாது. ஆனால் எனக்கு எதைத் தெரியாது என்று சொல்லப் பழக்கம்? “அதுக்கென்ன அண்ணாச்சி, நாய் இல்லாம எங்க பிள்ளை வருவாளா?” என்று சொல்லிவிட்டேன். நீ சட்டென்று என்னைப் பார்த்தாய். முகம் அப்படி மலர்ந்தது. நான் ஆபீசரைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாய். அவர் கறுப்பில் புருவப் பொட்டு வைத்த கன்னிக் குட்டியை நினைத்தார். நான் எதையுமே நினைக்கவில்லை, சபையில் தோற்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

பிறகு கோவில்பட்டிப் பக்கம் போய் அந்தக் குட்டியை வாங்கி வந்தோம். அதன் அப்பன் யார், பாட்டன் யார் என்று விற்றவர் மூச்சு விடாமல் சொன்னார். உன் அப்பா கேட்டுவிட்டு என் காதில், “நம்ம வீட்டுல எனக்கே இவ்வளவு தெரியாதே” என்றார். குட்டியைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. “சரிம்மா, ஆபீசர் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னாய். உனக்கும் அந்த ‘சரி’ தொற்றிக்கொண்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்தன்று அவன் எங்கே இருந்தான் என்று நீ புறப்படும்போது கேட்டாய். “மங்கை வீட்டுல பிரியாணி சாப்பிடுதான்” என்றேன். பாதி உண்மை. சம்பந்தி வீட்டார் வாசல் ஏறி வரும்போது மூன்று காலோடு எதிரே வந்து நிற்கக் கூடாது என்று, காலையிலேயே அவனை மங்கை வீட்டுத் தறிக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். தறிச் சத்தம் இருக்கிற இடம், நிம்மதியாகத் தூங்கிக் கிடப்பான் என்று நினைத்தேன். பிரியாணி நிஜமாகவே உள்ளே வைத்தேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். உன் கல்யாணத்துக்கு மங்கை வீட்டுத் தறிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார வைத்து நானே அவர்களுக்குப் பாயசம் ஊற்றினேன். அத்தனை பேரும் இங்கே இருந்தால் அங்கே தறி எப்படி ஓடும்? ஊற்றும்போது அது எனக்கு உறைக்கவில்லை. சத்தம் நின்றால் நடுங்குகிற பிராணியை, அன்று முழுக்க ஒரு சத்தமும் இல்லாத கொட்டகைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். நீ காரில் ஏறிப் போன பிறகு போய்க் கதவைத் திறந்தேன். பிரியாணி வைத்தபடி இருந்தது. அவன் ஒரு தறிக்கு அடியில், நூல் தூசியோடு தூசியாகக் கிடந்தான். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நேரே தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வந்த புதிதில் படுத்திருந்தானே, அதே மூலை.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான், மக்கா. தறி ஓடினாலும் தூங்குவதில்லை. நாங்கள் அறையை விட்டுப் போனால்தான் சோற்றில் வாய் வைக்கிறான், அதுவும் பேருக்கு. டாக்டரிடம் காட்டினேன். வயிற்றைத் தடவினார், வாயைப் பிளந்து பார்த்தார். “உடம்புல ஒண்ணும் இல்லம்மா. வயசு ஆகுது, அவ்வளவுதான். பிள்ளை எங்க?” என்றார். “கட்டிக் கொடுத்தாச்சு” என்றேன். அவர் வேறெதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன். ஊர்க்கதை எல்லாம் சொல்கிறேன். யார் வீட்டில் யார் சண்டை, யார் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள் எல்லாம். என் கதையைக் கேட்டுத் தெருவே வேலையை விட்டுவிட்டு நிற்கும். இவன் காதைக்கூடத் திருப்புவதில்லை. முழங்கால் பிடித்துக்கொள்கிறது, எழுந்திருக்க உன் அப்பாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் வந்து கை கொடுத்துவிட்டு அவரும் கீழே குனிந்து, “ஆபீசரு, வாரும்யா” என்கிறார். இரண்டு பேரும் வயதான காலத்தில் ஒரு நாயிடம் மனுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். களைத்துப் போய்விட்டேன்.

உன் பக்கத்துச் செய்தியும் எனக்கு வராமல் இல்லை. உங்கள் ஊரிலிருந்து பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நாக்கு இருக்கிறது, எனக்குக் காது இருக்கிறது. உன்னோடு வந்த கன்னிக் குட்டி பெரியப்பா கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறதாமே. ஆட்டுக்கறி அதற்குத் தனியாக எடுத்து வைக்கிறார்களாமே. நீ தொட்டால், ‘கொஞ்சிக் கெடுத்துராத தாயி, வேட்டை நாய்’ என்கிறாராமே. குட்டியைக் குறை சொல்லவில்லை, அது பாவம், அதற்கு என்ன தெரியும். ஆனால் உன்னோடு அனுப்பியது உனக்கென்று இல்லாமல் போய்விட்டது. அந்த வீட்டில் உனக்கென்று உன்னோடு வந்த ஓர் உயிரும் இல்லை. என் வாயால் வந்தது இது. அதைச் சரி செய்யத்தான் இப்போது வண்டி பிடிக்கிறேன்.

அவனை வைத்துக்கொள்வது எப்படி என்று நான் உனக்குச் சொல்வது, சமையற்காரருக்கு நான் ரசம் வைக்கக் கற்றுக் கொடுப்பது மாதிரி. இருந்தாலும் அம்மா என்று ஒருத்தி இருந்தால் சொல்லத்தானே செய்வாள். வந்ததும் கொஞ்சாதே. அவன் ஒரு மூலை தேடுவான், அதைக் காட்டிக் கொடுத்துவிட்டு உன் வேலையைப் பார். பின்பக்கமாக வந்து தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லு. பட்டாசு வெடித்தால் தேடாதே, தானாக வருவான். அவன் உன்னைப் பார்த்து உடனே வாலை ஆட்டாவிட்டால் வருத்தப்படாதே. நீ சொல்லாமல் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டிருப்பான். பழி என்னுடையது, ஆனால் அதை அவனுக்கு விளக்க முடியாது, நீதான் தாங்க வேண்டும். அங்கே தறி இல்லை, சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீ பேசிக்கொண்டிரு. என் மகள்தானே, பேச்சு எங்கே போகும்? இப்போது அடைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு அது தறிச் சத்தம் மாதிரி இருக்கும். உனக்கும் யாரிடமாவது பேச வேண்டும்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். லோடு ஆட்டோ உயரம் உனக்குத் தெரியும். ஆபீசரால் குதித்து இறங்க முடியாது. வயிற்றுக்கு அடியில் ஒரு கையும் மார்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கி இறக்க வேண்டும். புது ஆள் தொட்டால் உறுமுவான். கடிக்க மாட்டான், ஆனால் அது தூக்குகிறவருக்குத் தெரியாது. உடம்பில் முடி கொட்டுகிறது, வேட்டியெல்லாம் ஒட்டும். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தெருவே நிற்கும், படி வருகிற வீடென்றால் சும்மாவா? பானை இறங்கும், கரும்பு இறங்கும், மஞ்சள் குலை இறங்கும். பனங்கிழங்கை மதினி தன் கையாலேயே எண்ணி வாங்குவார்கள். கடைசியில் வண்டியில் அவன் மட்டும் நிற்பான்.

அப்போது நான் இறக்க மாட்டேன். எனக்கு முழங்கால் வலி, எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குச் சளி. நீயும் ஓடி வந்து இறக்கக் கூடாது. சத்தியமாகச் சொல்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நில்லு. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று நாம் இரண்டு பேரும் பார்ப்போம். இதைப் படித்துவிட்டு அவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறக்கினால் என்ன செய்வது என்று யோசித்தாயா? நானும் யோசித்தேன். படித்துவிட்டு இறக்கினாலும் இறக்கினதுதான். வெள்ளை வேட்டியில் நாய் முடியோடு, பெரியப்பா முன்னால், உறுமுகிற வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்குகிறவர், யார் சொல்லித் தூக்கினாலும் எனக்குப் போதும். அன்று முதல் அவருடைய ‘சரி’ என்ன சரி என்று எனக்குப் பிடிபட்டுவிடும். பொங்கலை அங்கேயே சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருவேன். வீட்டில் தையல் மிஷினுக்கு அடியில் பெருக்கி விடுவேன். கொஞ்சம் அழுவேன், அதை மங்கையிடம் சொல்ல மாட்டேன்.

அவர் இறக்கவில்லை என்றால், அதற்காக நீ யாரிடமும் சண்டை போட வேண்டாம். என் வாயும் அன்றைக்கு ஒன்றும் பேசாது, மதினி பயப்பட வேண்டாம். நீ தூங்குகிறாயா இல்லையா என்று உன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், போனில்தான் நீ நடிக்க முடியும். படியை இறக்கிய பிறகு வண்டி காலியாகத்தான் திரும்பும். டிரைவரிடம் அவசரப்படுத்தாமல் நிற்கச் சொல்லியிருக்கிறேன். பின்னால் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருக்கிறேன். அவன் படுத்தது போக, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கும்.

உன் அம்மா